நாலாயிரம் சிக்னலுக்கு நீங்கதான் பொறுப்பு: ஒரு நாள் பாடம்



டிரான்ஸ்போர்ட்டேஷன் இன்ஜினியரிங் பேப்பர்ல வெப்ஸ்டர் ஃபார்முலா கண்டிப்பா ஒரு கேள்வியா வரும். எண்களைப் போட்டா விடை வந்துடும், மார்க்கும் விழுந்துடும். ஆனா அந்த விடை யாருக்கு நல்லது, யாருக்குக் கெட்டதுன்னு கேள்வித்தாள்ல யாரும் கேட்க மாட்டாங்க. ஒரு பெரிய நகரத்தோட ட்ராஃபிக் பிரிவுக்குத் தலைமை ஏற்கிறவருக்கு அந்தக் கேள்விதான் தினமும் வேலை.

அதனால இந்தப் பாடத்துக்காக உங்களை ஒரு நாளைக்கு அந்த நாற்காலியில உட்கார வைக்கப்போறோம். ஊர்: லாஸ் ஏஞ்சலஸ். கையில: 4,000-க்கும் மேற்பட்ட சிக்னல்கள்.

ஏன் லாஸ் ஏஞ்சலஸ்?

1984-ல அங்கே ஒலிம்பிக் நடந்தது. ஏற்கெனவே கார்களால திணறுற ஊர், அதுல உலகமே வந்து இறங்கினா என்ன ஆகும்னு எல்லாருக்கும் பயம். நகரப் போக்குவரத்துத் துறை, விளையாட்டரங்கம் இருக்கிற பகுதியில 118 சிக்னல்களை ஒரு மையக் கணினியோட இணைச்சது. ரோட்டுக்கு அடியில கம்பிச்சுருள் பதிச்சு, மேலே வண்டி போறதை உணர வெச்சாங்க. தானியங்கி ட்ராஃபிக் கண்காணிப்பு, கட்டுப்பாட்டு அமைப்பு என்பது அதோட பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘அட்சாக்’னு கூப்பிடுறாங்க. கூடவே சரக்கு லாரிகளை நெரிசல் இல்லாத நேரத்துக்கு மாத்தினாங்க, அலுவலக நேரங்களைக் கொஞ்சம் கலைச்சுப் போட்டாங்க. பயந்த மாதிரி ஊர் ஸ்தம்பிக்கல.

அந்த 118 மெதுவா வளர்ந்து, 2013-ல நகரத்தோட எல்லா சிக்னலையும் தொட்டுடுச்சு. கட்டுப்பாட்டு அறை, நகர மன்றத்தோட கிழக்குக் கட்டடத்துக்கு அடியில, தரைக்குக் கீழே நாலு தளம் தள்ளி இருக்கு. ஜன்னலே இல்லாத அந்த அறையிலதான் இன்னைக்கு உங்க நாற்காலி.

முதல் பாடம்: உங்க கையில இருக்கிறது நொடி மட்டும்தான்

புது ரோடு போட உங்களுக்கு இடம் இல்லை. பாலம் கட்டப் பணம் இல்லை. ஒரு ஜங்ஷன்ல ஒரு மணி நேரத்துக்கு 3,600 நொடி இருக்கு. அதைப் பங்கு போடறதுதான் உங்க வேலை. ஒருத்தருக்கு ஒரு நொடி கூடுதலா கொடுத்தா, அது இன்னொருத்தர்கிட்ட இருந்துதான் வரணும்.

இந்தப் பங்கீட்டுக்கு மூணு அடிப்படைச் சொல் தெரிஞ்சா போதும்.

சைக்கிள் நேரம்: எல்லாத் திசைக்கும் ஒரு சுற்று பச்சை கொடுத்து முடிக்க ஆகுற நேரம்.

ஃபேஸ்: ஒரே சமயத்துல நகர அனுமதி கிடைக்கிற திசைகளோட பங்கு.

இழப்பு நேரம்: பச்சை விழுந்தும் முதல் வண்டி கிளம்பத் தாமதமாகுறது, மஞ்சள், எல்லாப் பக்கமும் சிவப்பா இருக்கிற நொடி இவையெல்லாம் சேர்ந்தது. இந்த நேரம் யாருக்கும் பயன்படாது.

பிரிட்டனைச் சேர்ந்த வெப்ஸ்டர் 1958-ல வெளியிட்ட ஃபார்முலா இதுதான்:

சைக்கிள் நேரம் = (1.5 × மொத்த இழப்பு நேரம் + 5) ÷ (1 − மொத்த ஓட்ட விகிதம்)

ஓட்ட விகிதம்னா, ஒரு லேன்ல வர்ற வண்டிகளை, அந்த லேன் முழு நேரமும் பச்சையா இருந்தா விடக்கூடிய வண்டிகளால வகுக்குறது. பிந்தையதை மணிக்கு 1,900 கார்னு எடுத்துக்குவோம்.

ஒரு கற்பனை ஜங்ஷன். பிரதான சாலையில லேனுக்கு மணிக்கு 855 வண்டி, குறுக்குத் தெருவுல 380. விகிதங்கள் 0.45, 0.20. மொத்தம் 0.65. இரண்டு ஃபேஸ், ஒவ்வொண்ணுக்கும் 4 நொடி இழப்பு, ஆக 8 நொடி.

(1.5 × 8 + 5) ÷ (1 − 0.65) = 17 ÷ 0.35 = 48.6. முழுமையாக்கினா 50 நொடி.

அதுல 8 போக மீதி 42. அதை 0.45-க்கு 0.20 என்ற விகிதத்துல பிரிச்சா, பிரதான சாலைக்கு 29, குறுக்குத் தெருவுக்கு 13. இழப்பையும் சேர்த்தா பிரதான சாலையோட ஃபேஸ் 33 நொடி, குறுக்குத் தெருவோட ஃபேஸ் 17 நொடி. பரீட்சைன்னா இத்தோட பேனாவை மூடிடலாம்.

இரண்டாம் பாடம்: ஃபார்முலாவுல இல்லாத ஆள்

இப்போ அந்தப் பிரதான சாலையை ஒரு பாட்டி கடக்கணும். அவங்க எப்போ நடக்கலாம்? பிரதான சாலை வண்டிகள் நிற்கும்போது, அதாவது குறுக்குத் தெருவுக்குப் பச்சை இருக்கும்போது. அந்த ஃபேஸ் எவ்வளவு? 17 நொடி.

சாலையோட அகலம் 80 அடின்னு வெச்சுக்கோங்க. அமெரிக்காவோட தேசிய சிக்னல் கையேடு ரொம்ப வருஷம் நடக்கிற வேகத்தை நொடிக்கு 4 அடின்னு வெச்சிருந்தது. வயசானவங்களால அப்படி நடக்க முடியாதுன்னு உணர்ந்து, 2009 பதிப்புல 3.5 அடின்னு குறைச்சாங்க. 80-ஐ 3.5-ஆல வகுத்தா 23 நொடி. அதுக்கு முன்னாடி, ‘நடக்கலாம்’னு விளக்கு வந்ததும் கவனிச்சு, நடைபாதையை விட்டு இறங்க 7 நொடி. ஆக மொத்தம் 30. மஞ்சளும் முழுச்சிவப்பும் இந்த 30-க்குள்ளயே அடங்கும்னு தாராளமாவே எடுத்துக்குவோம்.

தேவை 30. இருக்கிறது 17. பாட்டி நடு ரோட்டுல நிற்கும்போது பிரதான சாலைக்குப் பச்சை விழுந்துடும்.

ஃபார்முலா தப்பில்லை. வண்டிகளோட சராசரிக் காத்திருப்பு குறையணும்ங்கிற ஒரே கேள்விக்கு அது சரியான பதில் சொல்லுது. பாட்டி அந்தக் கேள்விக்குள்ளயே இல்லை, அவ்வளவுதான். 40 பேரோட வர்ற பஸ்ஸும் அதுக்கு ஒரு வண்டிதான், ஒத்தை ஆள் ஓட்டுற காரும் ஒரு வண்டிதான்.

மூணாம் பாடம்: நாலு வழி, நாலு விலை

உங்க மேசைக்கு இந்தப் பிரச்சினை வந்தாச்சு. என்ன செய்வீங்க?

வழி ஒண்ணு: குறுக்குத் தெரு ஃபேஸை 30 ஆக்கி, பிரதான சாலையை அப்படியே விடுங்க. சைக்கிள் 33 + 30 = 63. பிரதான சாலைக்குப் பயன்படுற பச்சை 63-ல 29, அதாவது 0.46. தேவையோ 0.45. சாலை 98 சதவீதம் நிரம்பிடுச்சு. ஒரே ஒரு வண்டி கோளாறாகி நின்னா, அந்த வரிசை அன்னைக்கு முழுக்கக் கரையாது.

வழி இரண்டு: சைக்கிளையே 80 நொடிக்கு நீட்டுங்க. பிரதான சாலைக்கு 46 நொடி கிடைக்கும், நிரம்பல் பழையபடி 78 சதவீதத்துக்கு வந்துடும். ஆனா சிவப்புல நிற்கிற ஒவ்வொருத்தரும், பாட்டியும் சேர்த்துத்தான், இன்னும் அதிக நேரம் காத்திருக்கணும். ரொம்ப நேரம் காத்திருக்க வெச்சா மனுஷன் சிவப்புலயே குறுக்கே ஓடுவான், இது எந்த ஊருக்கும் பொருந்தும்.

வழி மூணு: கம்பத்துல ஒரு பொத்தான் வைங்க. அமுக்கினா மட்டும் 30 நொடி, இல்லைன்னா 17. வண்டிகளுக்கு லாபம். ஆனா நடக்கிறவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கணும். கார்காரர் எதையும் அமுக்க வேண்டாம், ரோட்டுக்கு அடியில இருக்கிற சுருளே அவருக்காகக் கேட்டுடும்.

இந்தப் பொத்தான்ல லாஸ் ஏஞ்சலஸ் ஒரு நல்ல பாடம் கத்துக்கிட்டது. யூதர்களோட சபாத் நாள், வெள்ளி மாலை தொடங்கி சனி இரவு வரைக்கும். மதக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கிறவங்க அந்த நேரத்துல மின் பொத்தானைத் தொட மாட்டாங்க. நடந்துதான் ஜெபக்கூடத்துக்குப் போகணும், பொத்தானையும் அமுக்க முடியாது. அதனால அவங்க அதிகமா வாழ்ற பகுதிகள்ல, அந்த நேரத்துல மட்டும் யாரும் அமுக்காமலே ‘நடக்கலாம்’ விளக்கு வர்ற மாதிரி நேரத்தை மாத்தி வெச்சாங்க. இதுக்குப் புது இயந்திரம் எதுவும் தேவைப்படல. சனிக்கிழமை அந்தத் தெருவுல யார் நடக்கிறாங்கன்னு தெரிஞ்ச ஒருத்தர் அறையில இருந்தா போதும்.

வழி நாலு: நொடியைத் தொடாம, ரோட்டைத் தொடுங்க. இரண்டு ஓரத்துலயும் வண்டி நிறுத்த 8 அடி விட்டிருக்காங்கன்னா, ஜங்ஷன் முனையில மட்டும் நடைபாதையை அந்த 8 அடிக்கு முன்னாடி நீட்டுங்க. கடக்க வேண்டிய தூரம் 80-ல இருந்து 64 அடி ஆகும். நடக்க 19 நொடி, தொடங்க 7, மொத்தம் 26. இப்போ சைக்கிள் 72 நொடி போதும்: பிரதான சாலைக்கு 42 நொடி, நிரம்பல் 77 சதவீதம். முனையில சில கார்கள் நிறுத்துற இடம் போகும். அந்தக் கடைக்காரர் உங்களுக்கு மனு கொடுப்பார், அதுக்குப் பதில் சொல்றதும் உங்க வேலைதான்.

நாலாம் பாடம்: ஒரு சிக்னல் தனியா இருக்காது

72-ன்னு ஏன் தேர்ந்தெடுத்தோம்னு யோசிச்சீங்களா? 

அடுத்த சிக்னல் 400 மீட்டர் தள்ளி இருக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துல போனா, நொடிக்கு 11.1 மீட்டர், 36 நொடியில அங்கே சேரலாம். அதனால அந்த சிக்னல் 36 நொடி தாமதமாப் பச்சையாகணும். இந்தத் தாமதத்துக்குப் பெயர் ஆஃப்செட். இப்படி வரிசையா அமைச்சா கிடைக்கிறதுதான் பச்சை அலை.

போறவங்களுக்கு ஓகே. எதிர்ப்பக்கம் வர்றவங்களுக்கு? இரண்டாவது சிக்னல்ல கிளம்பி 36 நொடியில முதல் சிக்னலுக்கு வருவாங்க. முதல் சிக்னல் பச்சையாகி அப்போ 72 நொடி ஆகியிருக்கும். சைக்கிள் 72-ன்னா, சரியா அந்த நொடியில அடுத்த பச்சை விழும். சைக்கிள் 80-ன்னா, 8 நொடி சிவப்புல நிற்கணும். வெப்ஸ்டர் சொன்ன 50-ன்னா, அடுத்த பச்சை விழுந்து 22 நொடி கழிச்சுத்தான் இவங்க வந்து சேருவாங்க. 29-ல மிச்சம் 7 நொடி. முன்னாடி வர்றவங்க தப்பிப்பாங்க, மீதிப் பேர் நிற்பாங்க.

இந்த எண்கள் நாம வசதிக்காக எடுத்துக்கிட்டவை, எல்லா ரோட்டுலயும் இவ்வளவு அழகாப் பொருந்தாது. ஆனா இரண்டு விஷயம் உண்மை. தனி ஜங்ஷனுக்கு நல்லது, வரிசைக்கு நல்லதா இருக்கணும்னு கட்டாயம் இல்லை. அதே மாதிரி, பாட்டிக்குக் கொடுத்த நொடி எப்பவும் கார்காரருக்கு நஷ்டம்னும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்காம ‘நடக்கிறவங்களுக்கு நேரம் கொடுத்தா ட்ராஃபிக் நின்னுடும்’னு யாராவது சொன்னா, பேப்பரை அவர் முன்னாடி நீட்டுங்க.

ஐந்தாம் பாடம்: அறையில ஒரு நாள்

நேரம் கணக்கிடுறது வேலையில ஒரு பகுதிதான். ஒரு இடத்துல தண்ணிக் குழாய் உடையும், ஒரு இடத்துல சென்சார் பொய் சொல்லும். சென்சார் செத்துட்டா, கணினிக்கு அந்தப் பக்கம் வண்டியே இல்லாத மாதிரித் தெரியலாம். அதனால கேமரா பார்க்கிற கண்ணும், ரோட்டுல போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்கிற கையும் வேணும். ஆஸ்கர் விருது இரவுல ஹாலிவுட் பக்கம் ரோடுகளை மூடுவாங்க. நட்சத்திரங்களோட லிமோசின்கள் நேரத்துக்குச் சேரணும், அந்த ஊர்க்காரர் வேலை முடிஞ்சு வீட்டுக்கும் போகணும்.

இந்த அதிகாரம் எவ்வளவு பெரியதுன்னு 2006 ஆகஸ்ட்ல ஊருக்கே தெரிஞ்சது. தொழிலாளர் போராட்டச் சமயத்துல, துறையோட இன்ஜினியர்கள் இரண்டு பேர் கணினி வழியா உள்ளே புகுந்து, நாலு முக்கிய ஜங்ஷன்களோட கட்டுப்பாட்டைத் துண்டிச்சுட்டாங்க. மத்தவங்களால உடனே சரிசெய்ய முடியல. பழைய நிலைக்குக் கொண்டுவர நாலு நாள் ஆச்சு. பிறகு இரண்டு பேரும் கோர்ட்டுல குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க. 4,000-க்கும் மேல இருக்கிற சிக்னல்கள்ல நாலே நாலு, நாலு நாள் நெரிசல். கடவுச்சொல்லை யார் யார்கிட்ட கொடுக்குறது, யார் எதை மாத்தினாங்கன்னு எப்படிப் பதிவு வைக்கிறது, இதுவும் ட்ராஃபிக் இன்ஜினியரிங்தான்.

ஆறாம் பாடம்: எதை அளக்குறீங்க?

2013-ல எல்லா சிக்னலையும் இணைச்சு முடிச்சப்போ, நகர அதிகாரிகள் ஒரு கணக்கு சொன்னாங்க. 5 மைல் தூரம் போக ஆன நேரம் 20 நிமிடத்துல இருந்து 17.2 நிமிடமாக் குறைஞ்சது. நல்ல சாதனை, மறுக்க வேண்டாம்.

2015-ல அதே நகரம் இன்னொரு இலக்கு வெச்சது: 2025-க்குள்ள சாலை மரணமே இருக்கக்கூடாது. ஆனா 2023-ல லாஸ் ஏஞ்சலஸ்ல சாலை விபத்துகள்ல இறந்தவங்க 336 பேர். அந்த வருஷம் அங்கே நடந்த கொலைகளை விட அது அதிகம். இறந்தவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர் நடந்து போனவங்க.

சிக்னலை இணைச்சதாலதான் இப்படி ஆச்சுன்னு நாங்க சொல்லல. அகலமான ரோடு, வேகம், குடிபோதை, பெரிய வண்டிகள்னு காரணம் நிறைய. கவனிக்க வேண்டியது வேற: உலகத்திலேயே முன்னோடியான கட்டுப்பாட்டு அறை இருந்தும், அந்த எண் தானா இறங்கல. 17.2 நிமிடத்தைத் தேடிப் போனவங்களுக்கு 17.2 கிடைச்சது. 336-ஐக் குறைக்கணும்னா அதைத் தனியாத் தேடணும்.

தேடினா கிடைக்கும்னு அதே ஊரே காட்டுது. மரணங்களும் படுகாயங்களும் எங்கே நடக்குதுன்னு வரைபடத்துல குறிச்சாங்க. நடக்கிறவங்களுக்கு நேர்ந்த மரணம், படுகாயங்கள்ல சுமார் 65 சதவீதம், நகரத்தோட வெறும் 6 சதவீதத் தெருக்கள்ல நடந்திருந்தது. அப்படின்னா எங்கே முதல்ல கை வைக்கணும்னு தெளிவாயிடுச்சு.

ஆஸ்கர் அரங்கம் இருக்கிற ஹாலிவுட் - ஹைலேண்ட் சந்திப்பையே எடுத்துக்கோங்க. 2015 நவம்பர்ல அங்கே எல்லாத் திசை வண்டிகளையும் ஒரே நேரத்துல நிறுத்தி, மக்களைக் குறுக்காவும் மூலைவிட்டமாவும் நடக்க விட்டாங்க. அந்த வருஷம் அதுக்கு முந்தைய 11 மாசத்துல அங்கே 19 மோதல், 13 பேருக்குக் காயம். மாத்தின பிறகு முதல் 6 மாசத்துல ஒரே ஒரு மோதல், யாருக்கும் காயம் இல்லை.

இந்த முறைக்கு ‘பார்ன்ஸ் நடனம்’னு ஒரு செல்லப் பெயர் உண்டு. டென்வர், பால்டிமோர், நியூயார்க்னு மூணு நகரங்களோட ட்ராஃபிக்குக்குத் தலைமை தாங்கின ஹென்றி பார்ன்ஸ் இதைப் பிரபலமாக்கினார். டென்வர்ல ஜனங்க சந்தோஷத்துல ரோட்டுல நடனமாடுற மாதிரி இருக்குன்னு ஒரு பத்திரிகைக்காரர் எழுதப்போய் வந்த பெயர் அது. ஆனா இதையும் எல்லா இடத்துலயும் போட முடியாது. எல்லா வண்டியும் நிற்கிற தனி ஃபேஸ்னா சைக்கிள் நீளும், அது வழி இரண்டோட விலைன்னு உங்களுக்கு இப்போ தெரியும். நடக்கிற கூட்டம் பெரிசா இருக்கிற இடத்துல மட்டும்தான் அந்த விலை கட்டுபடியாகும்.

வீட்டுப்பாடம்

2028-ல ஒலிம்பிக் மறுபடி லாஸ் ஏஞ்சலஸுக்கு வருது. அந்த அறையில இருக்கிறவங்க தயாராகட்டும். நீங்க உங்க காலேஜ் பக்கத்துல இருக்கிற சிக்னலுக்குப் போங்க. போன்ல ஸ்டாப்வாட்ச் போதும், ரோட்டுல இறங்க வேண்டாம், நடைபாதையில இருந்தே பாருங்க.

1. ஒரு முழு சுற்று எத்தனை நொடி? ஐந்து சுற்று பார்த்து சராசரி எடுங்க.
2. நடக்கிறவங்களுக்கு உண்மையில எத்தனை நொடி கிடைக்குது?
3. வயசானவங்க, குழந்தையோட வர்றவங்க பத்துப் பேர் கடக்க எத்தனை நொடி ஆகுதுன்னு குறிங்க. சராசரியோட நிறுத்தாதீங்க. அதிக நேரம் எடுத்துக்கிட்டவர் யார், எத்தனை நொடின்னு தனியா எழுதுங்க.
4. இரண்டாவது எண்ணுல இருந்து அந்த அதிகபட்ச எண்ணைக் கழிங்க.

விடை மைனஸ்ல வந்தா, மேலே பார்த்த நாலு வழியையும் அந்த ஜங்ஷனுக்குப் போட்டுப் பாருங்க. எந்த வழியில யார் எத்தனை நொடி இழக்குறாங்கன்னு ஒரு அட்டவணை போடுங்க. கணக்கை எங்களுக்கு அனுப்புங்க, அடுத்த இதழ்ல எல்லாரோடதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்போம்.